பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப வரலாறு தேட உட்காருகிறவர்கள் பலரும் முதல் நாளே பணத்தை விடுகிறார்கள். கண்ணில் பட்ட வம்சாவளித் தளத்தில் பெயரைத் தட்டுகிறார்கள். சில நாள் இலவசம் என்றதும் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கெடு முடிந்ததும் சந்தா தானாகப் பிடிக்கப்படும். தேடிய பக்கமோ அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே காசில்லாமல் இருந்திருக்கும்.

அயர்லாந்தின் 1901, 1911 கணக்கெடுப்புகளில் வீட்டுக்கு வீடு நிரப்பிய படிவங்கள் அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் முழுக்க இலவசம். அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பும் அந்நாட்டுக் காப்பகத் தளத்தில் அப்படித்தான். பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு தொடங்கினால் போதும், கட்டணம் கிடையாது. அங்கே சில பதிவுப் பக்கங்களின் படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. அதைப் பார்த்ததும் வேறு தளத்தில் பணம் கட்ட ஓட வேண்டாம். அவற்றில் பல, ஃபேமிலிசர்ச் மையங்களிலும் அதனுடன் இணைந்த நூலகங்களிலும் திறக்கும். இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பை வீட்டிலிருந்து பார்க்கக் கட்டணம் உண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கே போனால் இலவசம். முதலில் காப்பகம், அப்புறம் ஃபேமிலிசர்ச், பிறகு பொது நூலகம், எதிலும் கிடைக்காவிட்டால்தான் சந்தா. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து, இல்லாத பதிவைத் தேடி மாதக்கணக்கில் அலைவது. அமெரிக்காவில் 72 ஆண்டுகளும், இங்கிலாந்தில் 100 ஆண்டுகளும், கனடாவில் 92 ஆண்டுகளும் கழிந்த பிறகே பெயர்கள் வெளியே வரும். கெடு கழிந்தும் கிடைக்காதவை உண்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 பதிவுகள் 1942-ல் தீயில் அழிந்தன. போர்க்காலம் என்பதால் 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் கைகொடுப்பது, போர் தொடங்கியதும் மக்களைப் பதிவு செய்த 1939 பதிவேடு மட்டும்தான். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் எரிந்தோ சேதமடைந்தோ போயிற்று. இந்தியாவில் 1948-ம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. ஆகவே, எந்த ஆண்டுப் பதிவு மிஞ்சியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே தேட உட்காருங்கள்.

பதிவு இருந்தும் ஆள் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் தடையாக இருப்பது பெயர்தான். தேடுபெட்டி அசல் பக்கத்தைப் படிப்பதில்லை. பழைய கையெழுத்தை யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், படித்துத் தட்டச்சு செய்த பட்டியலைத்தான் பார்க்கிறது. சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் பெரிய எல் எழுத்து எஸ் போலத் தெரியும், டி (T) எழுத்து எஃப் ஆகிவிடும். 'லேன்' என்ற குடும்பப் பெயர் 'சேன்' என்று பட்டியலில் ஏறிவிட்டால், சரியான எழுத்துக்கூட்டலை எத்தனை முறை தட்டினாலும் வராது. இதற்கு முன்பே, வாசலில் நின்று கேட்ட கணக்கெடுப்பாளர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே குடும்பப் பெயரை விட்டுவிடுங்கள். தந்தை பெயர் வில்லியம் என்றால் அப்படி ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதே வீட்டில் கெசியா என்ற மகள் இருந்தால் அவள் பெயரையும், தோராய வயதையும், பிறந்த ஊரையும் மட்டும் கொடுங்கள். அரிதான பெயருள்ள பிள்ளை மொத்தக் குடும்பத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியும், பல எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறியும் போடுவது பல தளங்களில் செல்லும். அப்போதும் வரவில்லையா? முகவரி தெரிந்தால், அந்தத் தெருவின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் எந்தத் தேடுபெட்டியையும்விட நம்பகமான வழி இது.

கிடைத்ததும் தட்டச்சுப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. படத்தைத் திறந்து பாருங்கள். அதே பக்கத்தில், ஓரிரு வீடு தள்ளி, மனைவியின் பெற்றோர் இருக்கலாம். பட்டியலில் அது தெரியாது.

அந்தந்த ஆண்டின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் படித்தாலும் ஆள் மாறிப்போகும். இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் 40 என்று இருப்பார். எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கவும் இல்லை. உறவுமுறையையும் அதில் எழுதவில்லை. ஒரே வீட்டில் 40 வயது ஆணும் 35 வயதுப் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவி என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன் தங்கையாக இருக்கலாம். உறவு 1851-லிருந்துதான் தெரியும். அமெரிக்காவில் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கைதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயரைக்கூடப் பெரும்பாலும் எழுதவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் பலருக்கு முன்னோரின் பெயர் முதன்முதலாகக் கண்ணில் படுவது 1870 கணக்கெடுப்பில்தான். அந்த ஆண்டுக்கு முன் பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

வயது முன்னே பின்னே இருந்தால் உடனே வேறு ஆள் என்று ஒதுக்கவும் வேண்டாம். விவரம் சொன்னது யார்? அமெரிக்காவின் 1940 பதிவில், பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். சில வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார். பிறந்த ஆண்டைப் பொறுத்தவரை ஒரே கணக்கெடுப்பை நம்பாமல், இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறர் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் செய்த பிழையையே பலரும் நகலெடுத்திருப்பார்கள். அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடுங்கள். கிடைத்த பக்கத்தின் படத்தை உடனே இறக்கிவையுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தளம் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். தளத்தின் இணைப்பு நாளை மாறலாம், காப்பகத்தின் குறிப்பு எண் இருந்தால் அதே பக்கத்தை மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.