வேலைக் களைப்போடு பாட்டு, படம், ரசிகர் புனைவு: எதை, எப்போது, எவ்வளவு

வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது முதலில் தீர்ந்துபோயிருப்பது தேர்ந்தெடுக்கும் தெம்பு. பாட்டு கேட்க ஆசை இருக்கும். எந்தப் பாட்டு என்று யோசிக்க முடியாது. ஓடிடியைத் திறந்து, முக்கால் மணி நேரம் போஸ்டர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காமலே தூங்கிப்போகிறவர்கள் ஏராளம். ரசிகர் புனைவு (ஃபேன்ஃபிக் என்றால் இன்னும் சட்டென்று புரியும்; பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) எழுதுகிறவர்கள் பாடு அதைவிட மோசம். வெள்ளைத் திரையைக் கண்டதுமே கொட்டாவி வந்துவிடும்.

அதனால் தேர்வு வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். அந்த வாரத்துக்கு ஆறு பாட்டு, ஒரே ஒரு படம், எழுத வேண்டிய ஒரே ஒரு காட்சி. பாட்டையும் படத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; காட்சியை நான்கு வரியில் எழுதி வையுங்கள். வாட்ச்லிஸ்ட்டில் நாற்பது படம் சேர்த்து வைப்பது தேர்வு ஆகாது. புதன்கிழமை இரவு அந்த நாற்பதில் ஒன்றை மறுபடியும் தேட வேண்டியிருக்கும்.

ஒரே இரவில் மூன்றையும் தொட ஆசைப்படவும் வேண்டாம். பாட்டுக்கு ஓர் இரவு, படத்துக்கு இரண்டு இரவு, எழுத்துக்கு இரண்டு இரவு என்று பிரித்தால் வாரம் சரியாக நிரம்பும்.

என்ன மாதிரிக் களைப்பு?

எல்லாக் களைப்பும் ஒன்றல்ல. நாள் முழுக்க கணினியைப் பார்த்தவருக்குக் கண்தான் ஓய்ந்திருக்கும். அவருக்கு அன்றைக்குப் படம் வேண்டாம்; விளக்கைக் குறைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கலாம், எழுதுவதானால் நோட்டும் பேனாவும். ஆசிரியர்கள், கால் சென்டரில் இருப்பவர்கள், கடைக் கவுன்ட்டரில் நிற்பவர்கள் ஆகியோருக்குக் காதும் தொண்டையும் ஓய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாட்டைப் போட்டால் அவர்களுக்கு அது இன்னொரு ஆள் பேசுவதுபோலத்தான் இருக்கும். முதல் இருபது நிமிடம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு வரிகள் இல்லாத புல்லாங்குழலோ வீணையோ கேட்கலாம். சப்டைட்டிலோடு ஒலியைக் குறைத்துப் படமும் பார்க்கலாம். எழுத்து இவர்களுக்கு நன்றாகவே வரும், ஏனென்றால் பகலெல்லாம் கேட்ட பேச்சு உரையாடலாக மாறத் தயாராகக் கிடக்கும்.

உடல் உழைப்பில் ஓய்ந்தவர்கள் இரவில் எழுத உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் எழுதுவது அவர்களுக்கு ஒத்துவரும், இரவுக்குப் படம். நைட் ஷிஃப்ட் ஆட்கள் இந்தக் குறிப்பில் ‘இரவு’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘காலை’ என்று படித்துக்கொள்ளலாம். ஜன்னலுக்குத் திரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முதலில் குளியல், சாப்பாடு. கண் இழுத்தால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம். அதிலிருந்து எழுந்தால் தலை பாரமாகி, மிச்ச இரவும் வீணாகும். தெம்புக்காக எட்டு மணிக்குக் காபி குடிக்காதீர்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடுமுறை நாளிலும், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும், வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை வெறும் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டு

ஆறு பாட்டு என்றால் ஏறக்குறைய அரை மணி நேரம். வரிசை முக்கியம். முதல் இரண்டும் வரிக்கு வரி மனப்பாடமான பாட்டுகளாக இருக்கட்டும். புதுப்பாட்டு கவனத்தைக் கேட்கும், அந்த நேரத்தில் அது நம்மிடம் இருக்காது. மூன்றாவதாக ஒரே ஒரு புதுப்பாட்டு. மற்ற மூன்றும் பழையவை, கடைசி இரண்டு மெதுவானவை. பட்டியல் முடிந்ததும் செயலி தானாக வேறு பாட்டுக்குத் தாவும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாலாட்டு ராகமான நீலாம்பரியில் கண் செருகும்போது குத்துப்பாட்டு வந்து எழுப்பும். ஸ்பாட்டிஃபையில் ஸ்லீப் டைமர் இருக்கிறது. ஐபோனில் கடிகாரச் செயலியின் டைமர் முடியும்போது ஒலிக்க வேண்டிய சத்தத்துக்குப் பதிலாக ‘ஸ்டாப் பிளேயிங்’ என்று வைத்தால் எந்தச் செயலியில் பாடினாலும் நின்றுவிடும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் கீழ் ஸ்தாயி ஒலிகளைத் தள்ள முடியாது. பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்கமும் காணாமல்போய், குரலும் வலந்தலை என்கிற வலப்பக்கமும் மட்டும் கீச்சென்று மிஞ்சும். சாதாரண வயர் இயர்போன் போதும், அரைப் பங்கு ஒலியில். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. பஸ் இரைச்சலை மீறக் கூட்டி வைத்த ஒலி வீட்டிலும் அப்படியே இருந்தால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

கவனித்துக் கேட்க ஆசை என்றால் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்வரை வரும் இடையிசையை மட்டும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வயலின்கள், இரண்டாவது முறை பேஸ், மூன்றாவது முறை தாளம். மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் நூறு முறை கேட்ட பாட்டு புதிதாகத் திறக்கும்.

படம்

இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை வேலை நாளில் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். பாதியில் நிறுத்தலாம், ஆனால் இடைவேளையில் நிறுத்தாதீர்கள். இடைவேளைக் காட்சியை இயக்குநர்கள் கட்டுவதே நம்மை எழுந்து போகவிடாமல் செய்வதற்குத்தான். அங்கே நிறுத்தினால் ‘இன்னும் பத்தே நிமிடம்’ என்று தொடங்கி மணி ஒன்றாகிவிடும். இடைவேளை கழிந்து பத்து நிமிடத்தில் கதை கொஞ்சம் மூச்சுவிடும், பெரும்பாலும் ஒரு பாட்டோ பின்கதையோ வரும். அதுதான் நிறுத்த ஏற்ற இடம். மறுநாள் அங்கிருந்து தொடங்கினால் உள்ளே நுழைவதும் சுலபம்.

வசனம் முனகலாகவும் சண்டை இடியாகவும் கேட்டால் டிவியைக் குறைசொல்லாதீர்கள். ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பிரிக்கப்பட்டிருக்கும். டிவியில் இரண்டே ஸ்பீக்கர் இருக்க, அதைச் சுருக்கிக் கொடுக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டிவியின் ஒலி அமைப்பில் நைட் மோடை இயக்குங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். களைத்த மூளைக்கு அது இன்னொரு டெட்லைன்.

ஒரே காட்சியை இரண்டு முறை பின்னால் தள்ளிப் பார்க்க நேர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அணைத்துவிடுங்கள்.

ரசிகர் புனைவு

மூன்றிலும் இதற்குத்தான் முன்னேற்பாடு அதிகம் தேவை. தமிழில் இதற்குப் பெரிய விளைநிலம் எழுத்தாளர் கல்கியின் சோழர் காலச் சரித்திர நாவல் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ஐந்து பாகங்கள், அவற்றின் இறுதியில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முடிவுரை. அது தீர்க்காமல் விட்ட இடங்களைப் பிடித்துக்கொண்டு எழுதுவது இணையத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அப்படி வந்த தொடர்ச்சிதான். கல்கி 1954-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும் என்பதால் இதில் சிக்கலும் இல்லை. புதுப் படங்களின் பாத்திரங்களை எடுத்தால் அதைக் காசாக்காமல் இருப்பது நல்லது.

களைப்பில் எழுதுகிறவருக்கு ஏற்ற அளவு 100 சொல். ஃபேன்ஃபிக் உலகில் டிராபிள் என்பார்கள், சரியாக நூறு, ஒன்று கூடவோ குறையவோ கூடாது. எல்லை கறாராக இருப்பதால் எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மாற்று உலகம், மறுபிறவி என்று பெரிய கட்டுமானம் எதையும் வார நாளில் தொடாதீர்கள். மூலக்கதையில் சொல்லாமல் விட்ட ஒரு சின்ன நேரம் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. நாவலின் நாயகன் வந்தியத்தேவனுக்கு உதவியதால் சேந்தன் அமுதன் தஞ்சைப் பாதாளச் சிறையில் அடைபடுகிறான். அங்கே அவனுடைய முதல் இரவு. ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

1. எங்கே, எப்போது: சிறை, முதல் இரவு, விளக்கு இல்லை.
2. அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது.
3. ஒரு செய்கை: கோயிலுக்குப் பூத்தொடுத்துப் பழகிய விரல்கள் இருட்டில் தாமாக முடிச்சுப் போடுகின்றன, கையில் நார் இல்லை.
4. கடைசி வரி எதைப் பற்றி: பேச முடியாத தாயின் வீட்டு மௌனம் ஒருவிதம், இந்த இடத்து மௌனம் வேறுவிதம்.

இரண்டாவது வரியை விட்டுவிட்டால்தான் பெரும்பாலான புனைவுகள் சறுக்குகின்றன. சேந்தன் அமுதன் சோழ அரியணைக்கு உரியவன் என்பது கதையின் கடைசியில்தான் வெளிப்படும். நமக்கு அது தெரியும். சிறையில் கிடக்கும் அவனுக்குத் தெரியாது. களைப்பில் எழுதும்போது நமக்குத் தெரிந்தது அவன் வாயில் நழுவி விழுந்துவிடும், ‘அரியணை’ என்று ஒரு சொல் வந்தாலே போதும், வாசகர் பிடித்துவிடுவார்.

அடுத்த சறுக்கல் விளிச்சொல். ஆழ்வார்க்கடியான் வந்தியத்தேவனை ‘தம்பி’ என்பான், பதிலுக்கு இவன் ‘வைஷ்ணவரே’ என்பான், குந்தவையிடம் ‘தேவி’. இரவு பதினொரு மணிக்கு இந்த மரியாதை எல்லாம் கலைந்து, ஒரு வரியில் ‘நீங்கள்’, அடுத்த வரியில் ‘நீ’, அதற்கடுத்ததில் நம் அலுவலகப் பேச்சு என்று ஓடும். யார் யாரை எப்படி அழைப்பார் என்று பாத்திரத்துக்கு ஒரு வரியாக அரைப்பக்கம் எழுதி, போனில் பின் செய்து வையுங்கள்.

முதல் இரவு பதினைந்து நிமிடம். வர்ணனை வேண்டாம். பேச்சுள்ள காட்சி என்றால் பேச்சை மட்டும், பேச்சில்லாத காட்சி என்றால் செய்கைகளை மட்டும் எழுதுங்கள். சரியான சொல் கிடைக்காத இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுத் தாண்டிவிடுங்கள். ஒரு சொல்லுக்காக அகராதியைத் திறந்தவர் அன்றைக்குத் திரும்ப மாட்டார். நேரம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்தி, அடியில் ஒரு வரி: ‘அடுத்து: காவலன் காலடிச் சத்தம், இவன் கூப்பிட மாட்டான்.’ இரண்டாம் இரவில் அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

எழுதும்போது பாட்டு வேண்டுமா? தமிழ் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். ஒரு மொழிச் சொற்களைக் கேட்டுக்கொண்டே அதே மொழியில் சொல் தேடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வீணை, பியானோ, பின்னணி இசை என்று ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். நாதஸ்வரம் மட்டும் ஒத்துவராது, அது காதைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்துவிடும்.

விரலும் ஓய்ந்திருந்தால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்திச் சொல்லிக்கொண்டே போகலாம். நிறுத்தற்குறிகளை நம்பாதீர்கள், ஒற்றுகள் தொலையும், ல-ள-ழ, ர-ற, ன-ண மாறிப்போகும். நீங்கள் பேச்சு வழக்கில் சொன்னால் அது பாதியை எழுத்து வழக்காக மாற்றிக் கலந்தும் வைக்கும். அந்த இரவில் எதையும் திருத்த உட்காராதீர்கள்.

சனிக்கிழமை காலை, காபிக்குப் பிறகு, திருத்தம். முதலில் நட்சத்திரங்களை நிரப்புங்கள். பிறகு ஒற்றுப்பிழை, விளிச்சொல். கடைசியில் சொல்லெண்ணிக்கை: 117 இருந்தால் முதலில் வெட்ட வேண்டியவை ‘மெல்ல’, ‘ஏதோ’, ‘திடீரென்று’ வகையறா. அவை போனதுமே பத்துக் குறைந்திருக்கும். ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறும். ‘வந்து விட்டான்’, ‘வந்துவிட்டான்’ இரண்டில் ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிவேற்றப் பிரதிலிபி, வாட்பேட், 2009-இல் தொடங்கிய ஏஓ3 (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளம்) என்று இடங்கள் உண்டு. ஏஓ3-இல் நேராக எழுதாதீர்கள். அதன் எழுதுபெட்டி தானாகச் சேமிக்காது. வெளியிடாத டிராஃப்ட்டும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அழிந்துவிடும். கூகுள் டாக்ஸில் எழுதி, அங்கே ஒட்டுங்கள். வெளியிடுவதும் பகலில் நடக்கட்டும். இரவு பதினொன்றுக்குப் போட்டால் யாராவது கருத்துச் சொன்னார்களா என்று ஒரு மணிவரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.