ஊருக்குப் போகிறீர்களா? "அது நாங்கள் விற்கிறேல்லை" என்று சொல்லும் கடைகள் பற்றி

ஆடி, ஆவணி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் பிள்ளைகளுக்கு விளங்காத விடயம் ஒன்று இருக்கிறது. கடை திறந்திருக்கும், கடைக்காரர் இருப்பார், கையில் காசும் இருக்கும். கேட்ட சாமான் மட்டும் கிடைக்காது. "அது நாங்கள் விற்கிறேல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கோபித்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன், அந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அரசாங்கத்தின் தடையா, கடைக்காரரின் சமயமா, அல்லது உங்களை ஆள் பார்த்துச் சொன்னதா? முதல் இரண்டுக்கும் ஒத்துப்போகலாம், ஒத்துப்போகவும் வேண்டும். மூன்றாவதுக்கு ஒருநாளும் ஒத்துப்போகாதீர்கள்.

அரசாங்கத் தடையை முதலில் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று மதுக்கடை, தவறணை, பார், இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பகுதியை மறைத்து வைத்திருப்பார்கள். வெசாக்குக்கு இரண்டு நாள். கடைக்காரர் எந்தச் சமயம் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, கெஞ்சியும் பயனில்லை. வீட்டில் விருந்து வைக்கும் யோசனை இருந்தால் விமான டிக்கெட் எடுக்கும்போதே கலண்டரில் போயா நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மதுவும் சிகரெட்டும் வாங்க இங்கே 21 வயதாகியிருக்க வேண்டும். லண்டனில் 18 வயதிலும் ரொறன்ரோவில் 19 வயதிலும் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, இனிக் கடைக்காரரின் சமயம்.

யாழ்ப்பாண நகரத்தில் சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. பெரியகடைப் பக்கம் மலாயன் கபே போல வாழையிலையில் சாப்பாடு போடும் பழைய கடைகளும் உண்டு, புதியவையும் உண்டு. இவற்றில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், கிடையாது. முட்டையும் மச்சக் கணக்குத்தான். "ஒரு முட்டை மட்டும் பொரித்துத் தாங்கோ, பிள்ளை வேறொன்றும் சாப்பிடாது" என்று கேட்பது சமையல்காரரைச் சங்கடப்படுத்தும். அந்தச் சட்டியில் முட்டை பட்டால், விரதகாரர் நம்பி வந்து சாப்பிடும் கடை என்ற பெயரே போய்விடும். பக்கத்துக் கடையில் வாங்கிய மீன் ரோல்ஸோடு உள்ளே போய் உட்காருவதும் அப்படித்தான். பிள்ளைக்கு மச்சம்தான் வேண்டுமென்றால் முதலில் வேறு கடையில் சாப்பிட வைத்துவிட்டு வாருங்கள்.

நாள் பார்த்து மாறும் கடைகளும் இருக்கின்றன. மற்ற நாட்களில் கோழிக்கறி விற்கும் கடை வெள்ளிக்கிழமை மரக்கறிக்கு மாறியிருக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா காணும். புலம்பெயர்ந்தவர்கள் கூடுதலாக ஊருக்கு வருவதும் அந்த நாட்களில்தான். கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் அப்போது மச்சம் தேடி அலையாதீர்கள். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் பல கடைகளில் இதே நிலைதான். ஊர்க் கோயில்களுக்கும் பத்து, பதினைந்து நாள் திருவிழா இருப்பதால், நீங்கள் தங்கும் ஊரில் எப்போது கொடியேற்றம் என்று சொந்தக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொடியேறிய பிறகு, ஊரெல்லையில் இறைச்சிப் பையோடு ஓட்டோவில் வந்து இறங்கினால் உங்களைக் கூட்டிவந்த மாமாவைத்தான் ஊர் கேட்கும்.

சமயமா நம்பிக்கையா என்று பிரிக்க முடியாத மறுப்புகளும் உண்டு. போன முறை வடமராட்சியில் ஒரு சின்னக் கடைக்குப் பெறாமகளோடு போனேன். கோயிலுக்கு வெளிக்கிட்ட இடத்தில் அவளுடைய சட்டையில் ஊக்கு அறுந்துவிட்டது. ஊசி அட்டை கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைக் காட்டி, "விளக்கு வைச்சாச்சுப் பிள்ளை, இனி ஊசி தரமாட்டன். காலமை வாங்கோ" என்றார். பெறாமகளின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்தவர், "இஞ்சாலை வாரும்" என்று அவளை உள்ளே கூப்பிட்டு, தன்னுடைய ஊசியிலேயே நூல் கோத்து, நிற்கவைத்தபடியே ஊக்கைத் தைத்துவிட்டார். காசு வாங்கவில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் கொடுத்தால் வீட்டு இலட்சுமி போய்விடுவாள் என்ற நம்பிக்கை பழைய ஆட்களிடம் இன்னும் உண்டு. அப்படிச் சொல்பவர் உங்களை அவமதிக்கவில்லை. இருட்டுவதற்கு முன் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

கிழக்குக்குப் போகிறவர்கள், அல்லது யாழ்ப்பாணத்திலேயே சோனகதெருப் பக்கம் போகிறவர்கள், முஸ்லிம் கடைகளில் பன்றியிறைச்சியும் மதுவும் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை பூட்டுவார்கள், பின்னேரம் திறப்பார்கள். ரமழான் மாதத்தில் காத்தான்குடி போன்ற ஊர்களில் பகல் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வாகனத்திலேயே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஹலால் இலச்சினை பற்றி உணவுக் கடையில் நின்று தர்க்கிப்பதைத் தவிருங்கள். 2013இல் அதை வைத்து நாடு முழுவதும் முஸ்லிம்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரமே நடந்தது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

கத்தோலிக்கர் நிறைந்த குருநகர், பாசையூர், மன்னார்ப் பக்கங்களில் ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் பலர் கடற்றொழிலுக்குப் போக மாட்டார்கள். அதனால் மீன் சந்தையும் அன்று மெலிந்திருக்கும். பெரிய வெள்ளியன்று இறைச்சி கேட்க வேண்டாம்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது சாப்பாட்டுக் கடையில் இல்லை, மண்டபத்தில்தான். பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலேயே மண்டபத்தைப் பதிந்துவிடுகிறோம். கோயிலுக்குச் சொந்தமான மண்டபங்களிலும், சைவக் குடும்பங்கள் நடத்தும் பல மண்டபங்களிலும் மச்சமும் மதுவும் அனுமதி இல்லை. வெளியிலிருந்து சமைத்துக் கொண்டுவருவதற்கும் இது பொருந்தும். முற்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மச்சம் பரிமாறலாமா? முட்டை போட்ட கேக் வெட்டலாமா? விழா முடிந்த பிறகு இரவு விருந்துக்கு இடம் தருவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். கேக் விடயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முட்டையில்லாத கேக் செய்யும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் முதல் நாள் சொன்னால் நடக்காது. விருந்தை மச்சத்தோடுதான் வைக்க வேண்டுமென்றால் சடங்கை மண்டபத்தில் முடித்துவிட்டு, சாப்பாட்டை வேறு நாளில் ஒரு ஹோட்டலில் வையுங்கள். மண்டபக்காரருக்குத் தெரியாமல் பின்கதவால் பிரியாணிச் சட்டி ஏற்றுவது மட்டும் வேண்டாம். அடுத்த நாள் அந்த இடத்தில் பூசை இருக்கும்.

வாடகை வீடும் அப்படித்தான். "சைவ ஆட்களுக்கு மட்டும்" என்று விளம்பரத்தில் இருந்தால் பெரும்பாலும் சமையலறையில் மச்சம் கூடாது என்றுதான் பொருள். ஆனால் இதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். ஏனென்றால் இந்த இடத்தில்தான் பொருளை மறுப்பது ஆளை மறுப்பதாக மாறும்.

ஒரு கடைக்காரர் தான் பாவம் என்று நினைப்பதை விற்காமல் இருக்கலாம். அது எல்லோருக்கும் ஒரே மறுப்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் சமயத்தைச் சொல்லி ஆளை வெளியே நிறுத்திய கொடுமையும் எங்கள் மண்ணில் நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களைத் தேநீர்க்கடைக்குள் விடாமல், வெளியில் வைத்துத் தனிப் பேணியில் தேநீர் கொடுத்தார்கள். அதை எதிர்த்துத்தான் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதி காரணமாகக் கடையிலும் உணவகத்திலும் ஆளை மறிப்பதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் மக்களை மறித்தார்கள். இன்றைய அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடை, உணவகம், ஹோட்டல்களுக்குள் போவதற்கு யாருக்கும் தடை இருக்கக் கூடாது என்கிறது. உங்களோடு வரும் முஸ்லிம் மருமகளுக்கோ கறுப்பின மருமகனுக்கோ, ஊரில் உங்கள் நண்பர் ஒருவருக்கோ, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தேநீரைக் கொடுக்க மறுத்தால் அது விரதம் இல்லை, பாகுபாடு. "ஊர் வழக்கம்" என்று அதை விழுங்கிவிடாதீர்கள். எழுந்து வாருங்கள், நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பது குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. வெளிநாட்டு ஆள் என்று பார்த்து, இருக்கும் சாமானை இல்லை என்றால் அங்கே சொல்லலாம். விளக்கு வைத்த பிறகு ஊசி தராத அம்மாவுக்கு எதிராகத் தயவுசெய்து அந்த இலக்கத்தை அழுத்த வேண்டாம்.

கடைசியாக மருந்து. ஆணுறை, கருத்தடை மாத்திரை போன்றவற்றைச் சின்ன ஊர் மருந்துக்கடைகளில் சிலர் வைப்பதில்லை. வைத்திருந்தாலும் கேட்பவரைக் கூச வைத்துவிடுவார்கள். அங்கே நின்று வாதாடி நேரத்தை வீணாக்காமல் நகரத்துக்குப் போய் அரசாங்க ஒசுசல மருந்தகத்திலோ பெரிய மருந்துக்கடையிலோ வாங்குங்கள். தினமும் எடுக்கும் மாத்திரை என்றால் முழு விடுமுறைக்கும் தேவையானதை மருத்துவரின் சீட்டோடு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஜெலற்றின் சேர்ந்த மாத்திரைக் கூடுகளையும் இனிப்புகளையும் சைவர்களுக்கோ முஸ்லிம்களுக்கோ கொடுப்பதற்கு முன், எதிலிருந்து எடுத்த ஜெலற்றின் என்று பெட்டியில் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.