கேஸ் மாத்திரையும் கேன்சர் மாத்திரையும்: செல்பெர்காடினிப் சாப்பிடும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் எப்போதும் விரித்தபடியே கிடக்கும். திருநெல்வேலிப் பக்கமிருந்து யாராவது ஒருவர் ‘டாட்டா’வுக்கு வந்திருப்பார். பரேலில் இருக்கும் டாட்டா மெமோரியல் மருத்துவமனையை மும்பைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். நான் டாக்டர் இல்லை. ஃபைல் தூக்குகிறவன், டோக்கன் வாங்குகிறவன், ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். அப்படி இருந்து பார்த்ததையும், டாக்டர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் ஒரே மருந்தைச் சாப்பிடுகிறார்கள். சித்திக்குக் கழுத்தில், மெடுல்லரி தைராய்டு புற்றுநோய். தாராவியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு நுரையீரலில். “கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரே மாத்திரையா?” என்று கேட்காதவர்கள் கிடையாது.

நோய் இருக்கும் இடம் வேறு, அதை ஓட்டும் இயந்திரம் ஒன்று. ரெட் என்றொரு மரபணு. (சித்தி ரொம்ப நாள் சிவப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார், நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஜப்பானைச் சேர்ந்த மசாஹிடே தகாஹாஷி 1985இல் இதைக் கண்டறிந்தார். இந்த மரபணுவில் பழுது வந்தால் ‘வளர், வளர்’ என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் பெரும்பான்மையான வகையை எடுத்துக்கொண்டால் நூறில் ஒருவர் இருவருக்குத்தான் இது காரணம். மெடுல்லரி தைராய்டிலோ பாதிக்கு மேல் இதுதான்; பரம்பரையாக வருவதில் ஏறக்குறைய எல்லாமே. அந்தக் கட்டளையை அடைக்கும் மருந்து செல்பெர்காடினிப். அமெரிக்காவில் 2020 மே மாதம் இரண்டு நோய்களுக்கும் சேர்த்தே அனுமதி கிடைத்தது. நுரையீரல் நோயாளிகளிடம் கீமோவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. கீமோ தரப்பில் நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் சராசரியாக 11 மாதம், இந்த மருந்தில் 25 மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இவ்வளவு நல்ல மருந்தை நாம் எப்படி வீணாக்குகிறோம்? வீட்டில் வைத்துச் சாப்பிடுவதால்தான். டிரிப்பில் ஏறும் மருந்து என்றால் நர்ஸ் பார்த்துக்கொள்வார். டப்பாவில் வரும் மாத்திரையை அலமாரியில் மற்ற மாத்திரைகளோடு வைத்துவிட்டு, அதையும் காய்ச்சல் மாத்திரை மாதிரி நடத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

முதல் குற்றவாளி கேஸ் மாத்திரை. நம் வீடுகளில் இது மாத்திரை என்ற கணக்கிலேயே வராது. “இவ்வளவு வீரியமான மாத்திரை, சூடுல்லா, வயிறு புண்ணாகிப் போகும்” என்று சித்தி தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோபிரசோல் போட்டுவந்தார். கூடவே செல்பெர்காடினிப் கேப்ஸ்யூல். டாக்டர் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது தைராய்டு மாத்திரையைச் சொன்னார், பிரஷர் மாத்திரையைச் சொன்னார். இதைச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, நினைவுக்கே வரவில்லை.

செல்பெர்காடினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டால் மருந்து கரையாமல் போய்விடும். ஒமிபிரசோல் சாப்பிட்டு, வெறும் வயிற்றில் இதையும் சாப்பிட்டால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 70 சதவீதம் குறைகிறது. அதாவது பெரும் பணம் கொடுத்து வாங்கிய கேப்ஸ்யூலில் முக்கால்வாசி கழிப்பறைக்குப் போகிறது. முடிந்தவரை கேஸ் மாத்திரையே வேண்டாம். உண்மையிலேயே அல்சர் இருந்து பான்டோபிரசோல் வகையைத் தவிர்க்க முடியாது என்றால், செல்பெர்காடினிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். சாப்பாடு இறங்கும்போது அந்த இழப்பு பெருமளவு சரியாகிவிடுகிறது. ஃபமோடிடின் வகை என்றால் அதற்கு 2 மணி நேரம் முன்போ, 10 மணி நேரம் கழித்தோ. டைஜீன், ஜெலுசில் போன்ற வெள்ளைத் திரவங்களுக்கு 2 மணி நேர இடைவெளி. அமிலத்தை அடக்கும் எதையும் சாப்பிடாதவர்கள் வயிறு காலியோ நிறைவோ, எப்படியும் இந்தக் கேப்ஸ்யூலை விழுங்கலாம்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனை யாருமே சந்தேகப்படுவதில்லை: கால்சியம் மாத்திரை. தைராய்டை முழுக்க எடுத்தவர்களில் பலருக்கு, பக்கத்திலுள்ள, ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்படுவதால், கால்சியம் எழுதிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட். அதுவும் அமிலத்தைத் தணிக்கிற சரக்குதான். போதாததற்கு, எடுத்த சுரப்பிக்கு ஈடாகச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையும் கால்சியமும் 4 மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றையும் காலை டீயோடு ஒரே வாயில் போட்டால் கால்சியம் மற்ற இரண்டையும் கெடுக்கும். நாங்கள் மருந்தாளுநரோடு உட்கார்ந்து சித்திக்குப் போட்ட அட்டவணை இது: காலை 6 மணிக்குத் தைராக்சின், 8 மணிக்குச் செல்பெர்காடினிப், 11 மணிக்குக் கால்சியம், மாலை 5 மணிக்கு மறுபடி கால்சியம், இரவு 8 மணிக்குச் செல்பெர்காடினிப். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. உங்கள் அட்டவணை வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு அட்டவணை வேண்டும்.

அண்ணாச்சியின் கதை வேறு மாதிரி. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊரில் முதலில் டி.பி. என்றுதான் தோன்றும். தாராவியில் கேட்கவே வேண்டாம். ஒரு கிளினிக்கில் சளிப் பரிசோதனை கூட முடியாமல் டி.பி. மருந்து தொடங்கிவிட்டார்கள். நான்கு மாதம் ஓடிய பிறகுதான் பயாப்ஸி, அதாவது திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் சோதனை. புற்றுநோய் என்று தெரிந்து, செல்பெர்காடினிப் எழுதியபோது, அண்ணாச்சி இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். “டி.பி. மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா தம்பி?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, செல்பெர்காடினிப்பை வந்த வேகத்தில் உடைத்து வெளியேற்றிவிடும். ரத்தத்தில் அதன் அளவு 85 சதவீதத்துக்கு மேல் விழுகிறது. டி.பி. உண்மையிலேயே இல்லை என்றால் நிறுத்தும் முடிவை டாக்டர் எடுப்பார். இரண்டும் இருக்கிறது என்றால் நெஞ்சக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி மருந்தை மாற்ற வேண்டும். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான்: டி.பி. டப்பாவைக் கையோடு கொண்டுபோய் மேஜையில் வைப்பது.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. மும்பை மழைக்காலத்தில் படர்தாமரை வராத ஆள் யார்? தோல் டாக்டர் இட்ராகொனசோல் எழுதுவார். அது செல்பெர்காடினிப்பை உடைய விடாமல் தடுத்து, ரத்தத்தில் குவிய வைக்கும். கிரேப்ஃப்ரூட்டும் அதே வேலையைச் செய்யும். அதன் தாய்வழியான பம்ப்ளிமாசையும் தள்ளிவையுங்கள். சாதாரண ஆரஞ்சில் அந்தப் பிரச்சினை இல்லை. தொண்டை கரகரப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் வேறு வழியில் வம்பு. செல்பெர்காடினிப் சிலருக்கு இ.சி.ஜி.யில் கியூ.டி. என்ற இடைவெளியை நீட்டும். அசித்ரோமைசினும் அதையே செய்யும், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரானும் அதையே செய்யும். பேதியில் பொட்டாசியம் இறங்கியிருக்கும் நாளில் இவையும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மருந்துக் கடைக்காரரை டாக்டராக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது.

சற்றுப் பின்னால் போகிறேன். மருந்து தொடங்கும் முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கு ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற இரண்டு மரபணுக்களை மட்டும் சோதித்து, “ஒன்றும் இல்லை” என்று ஃபைலை மூடிவிடுவது. ரெட் பழுது அந்தச் சோதனைகளில் தெரியவே தெரியாது. பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்.ஜி.எஸ். சோதனை வேண்டும். ஊரில் பயாப்ஸி எடுத்தவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவந்து நிற்பார்கள். தாளில் மரபணு இருக்காது. மெழுகில் பதித்த திசு, அதாவது ‘பிளாக்’, அதைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அதற்காகத் திருநெல்வேலிக்குத் திரும்ப ஓடியவர்களை எனக்குத் தெரியும். திசு போதாது என்றால் ரத்தத்திலேயே பார்க்கும் சோதனையும் இருக்கிறது. முடிவு வருவதற்குள் பொறுமையிழந்து, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்குவதும் அவ்வளவு நல்லதல்ல. ரெட் வகைக்கு அது மட்டும் கொடுத்தால் பலன் பொதுவாகக் குறைவு. அதற்குப் பின் செல்பெர்காடினிப் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று ஒவ்வாமை வரும் வாய்ப்பும் அதிகம். அப்புறம், பக்கத்துப் படுக்கைக்காரரின் ‘கேன்சர் மாத்திரை’ வேறொரு பூட்டுக்கான சாவி. கடன் வாங்கிச் சாப்பிட அது ஒன்றும் தலைவலி மாத்திரை இல்லை.

அளவு எடையைப் பொறுத்தது. 50 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 160 மில்லிகிராம், குறைவென்றால் 120, நாளைக்கு இரு வேளை. நோயில் எடை இறங்குவது சகஜம், ஆகவே ஒவ்வொரு முறையும் எடையைச் சொல்லுங்கள். கேப்ஸ்யூலைத் திறக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் கணக்கு எளிது: அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். காலை 8 மணி மாத்திரை லோக்கல் ட்ரெயின் நெரிசலில் மறந்து ஒரு மணிக்கு நினைவு வந்தால் சரி, சாப்பிடுங்கள். நாலு மணிக்கு நினைவு வந்தால் வேண்டாம். சாப்பிட்டதும் வாந்தி வந்தாலும் இன்னொன்று போடக் கூடாது.

பக்கவிளைவுகளில் மனிதர்களை அதிகம் பயமுறுத்துவது கல்லீரல். முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பின்னர் மாதம் ஒரு முறையும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்வார்கள். எண் ஏறியிருப்பதைப் பார்த்ததும் சிலர் தாங்களாகவே மருந்தை நிறுத்துவார்கள், சிலர் கீழாநெல்லியை அரைக்க ஆரம்பிப்பார்கள். இரண்டுமே வேண்டாம். டாக்டர் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்குவார். பெரும்பாலானவர்கள் தொடர முடிகிறது. ஆனால் நடுவில் ஒரு கஷாயமும் புகுந்துவிட்டால் எண் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்த அழுத்தமும் ஏறலாம். ஒரு வாரத்திலேயே முதல் முறை பார்த்துவிட வேண்டும். வீட்டில் ஒரு மிஷின் இருப்பது நல்லது. புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால் “நெஞ்சு கேன்சர்னா இருமத்தானே செய்யும்” என்று உட்கார்ந்திருக்காதீர்கள், மருந்தே நுரையீரலை அழற்றியிருக்கலாம். அறுவை சிகிச்சை ஏதாவது திட்டமிட்டால் 7 நாள் முன்பே இதை நிறுத்த வேண்டியிருக்கும், புண் ஆறுவது தாமதப்படும் என்பதால். பல் பிடுங்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஸ்கேனில் கட்டி சுருங்கியதைப் பார்த்து ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு மாத்திரையை மூட்டை கட்டியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பரவிய நோயில் இந்த மருந்து கட்டளையை அடைத்துவைக்கிறது, அவ்வளவுதான். கையை எடுத்தால் திறந்துகொள்ளும். செலவு தாங்காமல் இரு வேளையை ஒரு வேளையாக்குவதும் அதே கதைதான். நிறுத்தும் முன், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உதவித் திட்டங்கள் பற்றிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

கடைசியாக, மெடுல்லரி தைராய்டு குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு: நோயாளியோடு விஷயத்தை முடித்துக்கொள்வது. சித்தியின் ரத்தத்திலேயே ரெட் பழுது இருந்தது, அதாவது கட்டியில் மட்டுமல்ல, பிறவியிலேயே. அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் உடனே சோதித்துக்கொண்டான், இல்லை என்று வந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?” என்று பெரியவர்கள் எட்டு மாதம் இழுத்தார்கள். இந்த நோய்க்கு ரேடியோ அயோடின் வேலை செய்யாது; கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் இந்தச் செல்கள் அயோடினை உறிஞ்சுவதில்லை. நேரத்தோடு தைராய்டு சுரப்பியை எடுப்பதுதான் வழி. சில வகைப் பழுதுகளில் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும் முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்கும் முன் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது; இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எகிறலாம்.

கடைசியில் சித்தியின் மகளே யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வந்துவிட்டாள். பழுது இருந்தது. எடுத்த சுரப்பியில் அரிசி அளவில் ஒரு கட்டி, வெளியே எங்கும் பரவவில்லை. இப்போது காலை 6 மணி மாத்திரைக்கு அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் போனில் எழுப்புகிறார்கள்.