பந்தை விட்டபின் தள்ளாட்டம்: நான் சரிசெய்த விதம்

பந்தை உருட்டிப் பின்களை (மரக்குச்சிகளை) வீழ்த்தும் டென்பின் பவுலிங்கில், பந்தை விட்டதும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே ஒதுங்குவதுதான் கோளாறு. எல்லோரும் கையைச் சந்தேகப்படுவார்கள்; பெரும்பாலும் காரணம் காலில் இருக்கும். (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடக்கை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஓடிவரும் கடைசி அடியில் இடது காலை வேண்டுமென்றே சறுக்கவிடும்போது வலது கால் வலப்பக்கமே நின்றுவிட்டால், ஊசலாடி வரும் பந்துக்கு இடுப்புக்குக் கீழே வழி கிடைக்காது. கை வெளியே சுற்றும், பந்தின் எடை தோளையும் இழுத்துக்கொண்டு போகும். வலது காலை இடது குதிகாலுக்குப் பின்னால் குறுக்காக வீசி, விரல்நுனி தரையில் படும்படி வையுங்கள். இடது முட்டி நன்றாக மடங்கி, மோவாய்க்கு நேர்கீழே இருக்கட்டும். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அதுவே எதிர்எடை.

பழக, ஒரே ஓர் அடி எடுத்து வைத்துப் போட்டாலே போதும். நாம் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து 15 அடியில், பாதையில் உள்ள அம்புக்குறிகளைப் பந்து தாண்டினால் போதாது, 60 அடி தள்ளியிருக்கும் பின்களில் பந்து மோதும்வரை அப்படியே நில்லுங்கள்.

அப்புறமும் தடுமாறினால் கால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கை வருமுன் கால் அந்தக் கோட்டருகே போய்விடுகிறது என்று அர்த்தம். சறுக்கும் ஷூவின் அடிப்பாகம் ஈரமா என்றும் பாருங்கள். ஈரமிருந்தால் கால் திடீரென ஒட்டிக்கொள்ளும், ஆள் குப்புற விழவேண்டியதுதான்.