மைக் சிக்னல் எங்கே உடைகிறது? பேட், லோ கட் சுவிட்சுகளைப் பயன்படுத்தும் முறை

டிரம் அடிக்கும்போதோ பாடகர் உச்சத்துக்குப் போகும்போதோ ஒலி கரகரத்து உடைந்தால், பெரும்பாலோர் முதலில் மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத்தான் இறக்குகிறார்கள். ஒலி உடைந்தபடியே, சற்றுச் சிறிதாகக் கேட்கும், அவ்வளவுதான். ஃபேடர் சிக்னல் பாதையின் பின்பகுதியில் இருப்பது. உடைப்போ அதற்கு வெகு முன்பே, மைக்கின் உள்ளேயோ, மைக் சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்பின் வாயிலிலோ நிகழ்ந்து முடிந்துவிட்டது. அந்த முன்பகுதியில் வேலை செய்வதற்காக இருப்பவைதாம் சிக்னலைக் குறைக்கும் பேட், அடித்தொனியை வெட்டும் லோ கட் என்னும் இரண்டு சிறிய சுவிட்சுகள். ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வரும் சுற்றுகளை மட்டுமே காக்கும், தனக்கு முன்னால் கெட்டுப்போனதைத் திருத்தாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை எப்போது போடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மைக்கிலிருந்து வரும் சிக்னல் எப்போதும் நலிந்ததாகவே இருக்கும் என்பது பரவலான எண்ணம். அது சரியல்ல. 94 டெசிபல் ஒலியழுத்தம் 1 பாஸ்கலுக்குச் சமம். தன்னுள் ஒரு சிறு பெருக்கியைக் கொண்ட கன்டென்சர் மைக் ஒன்றின் உணர்திறன் பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் என்று அதன் விவரத்தாள் சொல்வதாகக் கொள்வோம். ஒலி 20 டெசிபல் கூடும்போதெல்லாம் மின்னழுத்தம் பத்து மடங்காகும் என்பதால், 114 டெசிபலில் அந்த மைக் 200 மில்லிவோல்ட் தரும். 134 டெசிபலில் 2 வோல்ட் தரும். ஸ்னேர் டிரம்முக்கு மிக அருகில் வைத்த மைக்குக்கு இந்த அளவு எட்டாத ஒன்றல்ல. தொழில்முறைக் கருவிகளின் லைன் சிக்னலே ஏறத்தாழ 1.23 வோல்ட்தான் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: சில மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்த்து, அவற்றைப் பெருக்குவதற்கென்றே காத்திருக்கும் பிரீஆம்புக்கு, லைன் அளவையும் மீறிய சிக்னல் வந்து சேர்கிறது. மேடையில் பாடுவதற்குப் பயன்படும் டைனமிக் மைக்குகளின் உணர்திறன் இதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவற்றினுள் பெருக்கிச் சுற்றும் இருப்பதில்லை. அதனால்தான் அவற்றில் பேட் சுவிட்சைப் பொதுவாகக் காண முடியாது.

பேட் என்பது சிக்னலைக் குறிப்பிட்ட அளவு குறைக்கும் சுற்று. அது இரண்டு இடங்களில் இருக்கலாம். கன்டென்சர் மைக்கின் உடலிலுள்ள பேட், ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலிலிருந்து உள்பெருக்கிக்குப் போகும் சிக்னலைக் குறைக்கிறது. நியூமன் யு87 ஏஐ மைக்கில் இது 10 டெசிபல். முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் கார்டியாய்டு நிலையில் அது தாங்கும் உச்ச ஒலியழுத்தம் இதனால் 117 டெசிபலிலிருந்து 127 ஆக உயர்கிறது. ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ் மைக்கில் 6, 12, 18 டெசிபல் என மூன்று படிகள் உண்டு. மிக்ஸரிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ உள்ள பேட், பெரும்பாலும் 20 டெசிபல், பிரீஆம்பின் வாயிலில் நின்று அதை மட்டும் காக்கிறது. கேபிளின் நடுவே செருகும் இன்லைன் பேடும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. அது மைக்கின் உள்பெருக்கிக்கு எந்த விதத்திலும் உதவாது. அதை வாங்கும்போது, கன்டென்சர் மைக் இயங்குவதற்காக மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் பான்டம் பவரான 48 வோல்ட்டை மைக்குக்குக் கடத்திவிடக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

உடைப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் கண்டறியும் சோதனை எளியது. பிரீஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை மாற்றும் கெய்ன் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, கலைஞரைத் தம்மால் இயன்ற அளவு உரக்க வாசிக்கவோ பாடவோ சொல்லுங்கள். கெய்ன் அடிமட்டத்தில் இருக்கும்போதே சிக்னல் எல்லை மீறியதைக் காட்டும் கிளிப் விளக்கு எரிந்தால், பிரீஆம்ப் தாங்கவில்லை என்று பொருள். விளக்கு எரியாமல், மீட்டரும் தாழ்வாகவே இருந்து, ஹெட்ஃபோனில் மட்டும் ஒலி உடைந்து கேட்டால், குற்றம் மைக்கின் உள்ளே இருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது பிரீஆம்பின் பேடை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை, மைக்கின் பேடைத்தான் போட வேண்டும். ஐயமிருந்தால் மைக்கை இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். எதிரொலி குறைந்த இடத்தில் நேரொலி சுமார் 6 டெசிபல் குறையும். உடைப்பு அதோடு நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே மைக்கை விட்டுவிடுவதும் நல்ல தீர்வுதான். இரு இடங்களிலும் பேட் இருக்குமானால், உள்பெருக்கி, பிரீஆம்ப் இரண்டையும் ஒருசேரக் காப்பது மைக்கின் பேட் என்பதால், முதலில் அதைப் போட்டு, போதாதபோது மட்டும் மற்றதைச் சேர்ப்பது என் வழக்கம். எந்தச் சுவிட்சைத் தொடும் முன்பும் அந்தச் சேனலை மியூட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒலிபெருக்கியில் பட்டென்று ஒரு வெடிப்பு கேட்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பேட் நமக்கு வேண்டிய சிக்னலைக் குறைக்கிறதே தவிர, அதற்குப் பின்னாலுள்ள பெருக்கியின் சொந்த இரைச்சலைக் குறைப்பதில்லை. ஆகவே 10 டெசிபல் பேட் போட்டால், மெல்லிய ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அதே அளவு சுருங்கிவிடும். டிரம்மில் இது யாருக்கும் தெரியாது; மெதுவாகக் கதை படிக்கும் குரலில் உடனே தெரியும். பேட் போட்ட பிறகு கெய்னை மறுபடியும் வெகுதூரம் உயர்த்த வேண்டியிருந்தால், அந்தப் பேட் அங்கே தேவையில்லாதது.

ஃபில்டருக்கு வருவோம். லோ கட் அல்லது ஹை பாஸ் ஃபில்டரைத் தொனியைத் திருத்தும் கருவியாகவே பலர் நினைக்கிறார்கள்; சிக்னல் அளவைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குச் சம பங்கு உண்டு. குளிர்சாதனத்தின் உறுமல், மேடைப்பலகையில் நடக்கும் காலடி, ஸ்டாண்டில் கை படும் அதிர்வு, தொலைவில் ஓடும் வண்டிகள் ஆகிய யாவும் அடிநிலை அதிர்வெண்களில் ஆற்றலைக் கொட்டுகின்றன. சிறிய ஒலிபெருக்கியில் அவை காதுக்கே எட்டாமல் இருக்கலாம். ஆனால் யாரும் பேசாதபோதும் மீட்டர் ஆடுவதும், உரத்த ஒலியைத் தானே அமுக்கும் கம்ப்ரஸர் காரணமில்லாமல் குரலை அமுக்குவதும் அவற்றால்தான்.

80 ஹெர்ட்ஸ் என்று ஃபில்டரில் எழுதியிருப்பதால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுவிடாது. எவ்வளவு குறையும் என்பதைச் சரிவுதான் தீர்மானிக்கிறது. ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபல் சரிவானால் 40 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 7 டெசிபல் மட்டுமே குறையும். 18 டெசிபல் சரிவானால் சுமார் 18 டெசிபல் குறையும். ஷூர் எஸ்எம்81 மைக்கில் இரண்டும் உள்ளன: 100 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் சரிவு, 80 ஹெர்ட்ஸில் 18 டெசிபல் சரிவு. திசை சார்ந்த மைக்கை வாய்க்கு மிக அருகில் வைக்கும்போது அடித்தொனி வீங்குவதைச் சமன்செய்ய மென்மையான சரிவு ஏற்றது. காலடி, உறுமல் போன்றவற்றை ஒழிக்கச் செங்குத்தான சரிவு வேண்டும்.

பேச்சுக்கும் பாட்டுக்கும் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வைத்துத் தொடங்கலாம். அதிர்வெண்ணைத் திருகி மாற்றக்கூடிய ஃபில்டரானால், குரல் மெலிந்து கேட்கும் வரை மேலே கொண்டுபோய், பின் அந்த மெலிவு மறையும் இடம் வரை இறக்கி நிறுத்துங்கள். கிக் டிரம்முக்கும், கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்கும், 27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பியானோவுக்கும் அதை அணைத்தே வையுங்கள். ‘ப’, ‘ஃப’ ஒலிகளின் காற்றடியை ஃபில்டர் தணிக்குமே தவிர நீக்காது. பாப் ஃபில்டர் என்று பெயரெடுத்த வலைத்திரை மின்சுற்றே அல்ல, காற்றைச் சிதறடிக்கும் ஒரு தடுப்பு; காற்றடிக்கு முதல் மருந்து அதுதான். பெரும்பாலான மிக்ஸர்களில் லோ கட் பிரீஆம்புக்குப் பிறகே வருவதால், காற்றடியால் பிரீஆம்ப் கிளிப் ஆவதை அந்தப் பொத்தான் தடுக்காது. மைக்கிலேயே உள்ள லோ கட் தடுக்கும்.

இவை இரண்டையும் முடிவு செய்த பிறகே கெய்னைத் தொடுங்கள். 24 பிட் பதிவில் டிஜிட்டல் மீட்டர் சராசரியாக −18 டெசிபல் அருகிலும், உச்சங்கள் −6 டெசிபலைத் தாண்டாமலும் இருந்தால் போதும். ஒத்திகையைவிட நிகழ்ச்சியில் எல்லோருமே உரக்க வாசிப்பார்கள் என்பதால், இன்னும் கொஞ்சம் இடம் விட்டுவைப்பதில் தவறில்லை. பதிவில் ஃபில்டரைப் பற்றி ஐயம் வந்தால் மென்மையான சரிவையே போடுங்கள். மேலும் வெட்ட வேண்டியதைப் பிறகு மென்பொருளில் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை மீட்பதுதான் கடினம். வேலை முடிந்து மைக்கைப் பெட்டியில் வைக்கும் முன் இரண்டு சுவிட்சுகளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். “இந்த மைக்கில் சத்தமே வரவில்லை” என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் சில, முந்தைய டிரம் பதிவின் பேடோடு வந்தவை.