மேனேஜரின் பழைய கணக்கு: எங்கே தப்பாகப் படிக்கிறோம்?

2015 ஜூலையில் இங்கிலாந்தின் கால்பந்து கிளப் லெஸ்டர் சிட்டி, கிளாடியோ ரனியேரியை மேனேஜராக (அதாவது தலைமைப் பயிற்சியாளராக) அமர்த்தியபோது சிரித்தவர்கள்தான் அதிகம். எட்டு மாதத்துக்கு முன்புதான் அவருடைய கிரீஸ் தேசிய அணி, சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் பரோயே தீவுகளிடம் சொந்த மண்ணில் 0-1 என்று தோற்றிருந்தது. மறுநாளே அவர் வேலை போனது. அங்கே அவர் நடத்தியது மொத்தம் நான்கே ஆட்டங்கள்.

அந்த நான்கை வைத்தே ஆளை எடைபோட்டதுதான் தவறு. அதற்கு முந்தைய வேலையை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் கிடந்த மொனாக்கோ கிளப்பை 2013-இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். அடுத்த சீசனில் 80 புள்ளிகளோடு பிரெஞ்சு லீகில் இரண்டாம் இடம். (ஃபால்காவோ, ஹாமெஸ் ரோட்ரிகஸ் என்று பணம் கொட்டி ஆள் சேர்த்த கிளப்தான், அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.) தேசிய அணியில் மேனேஜருக்கு வீரர்கள் கிடைப்பதே சில நாள்கள்தான். அதையும் கிளப் வேலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, 2016-இல் லெஸ்டர் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் பட்டம் வென்றது. அப்புறம் எல்லாரும் நேர் எதிர்த் தவறைச் செய்தார்கள்: முழுப் புகழும் ரனியேரிக்கு. முந்தைய சீசனின் கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ அதே அணி முந்தைய மேனேஜர் நைஜல் பியர்சனின் கீழ் வென்றிருந்தது. வார்டி, மஹ்ரேஸ், ஷ்மைக்கேல் என்று முக்கிய வீரர்கள் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். 2015-இல் வந்த கான்டே ஒரே வருடத்தில் செல்சிக்குப் போய்விட்டார். 2017 பிப்ரவரியில் ரனியேரியை அனுப்பியபோது அணி இரண்டாம் டிவிஷனுக்குத் தரமிறங்கும் இடங்களுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தது. அதனால் ஒரு மேனேஜரைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர் வருவதற்கு முந்தைய பத்து ஆட்டங்களையாவது நான் பார்த்துவிடுவேன்.

வெற்றி சதவீதம் இன்னொரு பொறி. மேனேஜர் வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி அணி 2022-23-இல் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் 101 புள்ளிகள் எடுத்தது. அடுத்த ஆண்டு பிரீமியர் லீகில் 24-தான், திரும்பக் கீழே வந்துவிட்டது. இரண்டையும் கூட்டி சராசரி எடுத்தால் வருவது எந்த அணிக்கும் பொருந்தாத ஓர் எண். பிறகு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கொம்பனியை எடுத்தது, 2025-இல் ஜெர்மன் லீக் பட்டமும் வந்தது. ‘பேயர்னில் யார் இருந்தாலும் ஜெயிக்கும்’ என்பீர்கள். ஆனால் முந்தைய சீசனில், டுக்கெல் மேனேஜராக இருந்தபோது, அதே பேயர்ன் மூன்றாம் இடம்.

பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பாருங்கள். பிரையன் கிளஃப், உதவியாளர் பீட்டர் டெய்லரோடு 1972-இல் டெர்பி கிளப்புக்கு இங்கிலாந்து லீக் பட்டம் வாங்கித் தந்தார். 1974-இல் டெய்லர் பிரைட்டன் கிளப்பிலேயே தங்கிவிட, லீட்ஸ் கிளப்புக்குத் தனியாகப் போன கிளஃப் தாங்கியது 44 நாள். அப்புறம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்: 1975-76-இல் இரண்டாம் டிவிஷனில் எட்டாம் இடம். அந்தக் கோடையில் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977-இல் மேலேறினார்கள், 1978-இல் லீக் பட்டம், 1979-லும் 1980-லும் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை.