கறுப்புப் பட்டைப் பேத்தையா, வேடமிட்ட கிளாத்தியா?

வேலன்டினி பேத்தை என்ற உப்பும் மீன் அதிகம் போனால் 11 செ.மீ. வளரும். வெள்ளை உடலில் பழுப்புப் புள்ளிகள், முதுகின் குறுக்கே நான்கு கறுப்புப் பட்டைகள். நடுவில் உள்ள இரண்டு மட்டும் வயிற்றை நோக்கி இறங்கும். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள பவளப்பாறைகளில் 1 மீட்டர் ஆழத்திலிருந்தே தென்படும். அலை அடங்கிய காயல் பக்கம், பவளத்தின் அடியில் பாசி படர்ந்த உடைகற்களில் தேடுங்கள். பாசி, புழு, சிறு சிப்பி என்று அங்கேயே கொறித்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இதே புள்ளி, இதே பட்டையோடு கிளாத்தி என்ற வேறு இனச் சின்ன மீனும் திரிகிறது. பேத்தையின் உடலில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு. கொன்றுண்ணி மீன்கள் அதை ஒதுக்கிவிடும். நஞ்சில்லாத கிளாத்தி அந்த வேடத்தில் பிழைக்கிறது. எனவே நிறத்தை நம்பவே கூடாது.

துடுப்பைப் பாருங்கள். பேத்தையின் முதுகுத் துடுப்பு வாலுக்கு அருகே குட்டையாக, விசிறிபோல் நிற்கும்; அதற்கு நேர் கீழே இன்னொன்று. கிளாத்திக்கு இவ்விரண்டும் உடலின் பின்பாதி முழுக்க நீண்டு, நீந்தும்போது ஓரம் முழுவதும் நெளியும். முதுகின் முன்புறம் ஒரு முள் வேறு உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலும் மடக்கியே வைத்திருக்கும், அதனால் முள் தெரியவில்லை என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஐயமிருந்தால் நேர்ப் பக்கவாட்டில் படமெடுத்துக் கரையில் துடுப்புக் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை) எண்ணலாம்: பேத்தையின் முதுகுத் துடுப்பில் 9 இருக்கும், கிளாத்திக்கு 25 அல்லது அதற்கு மேல் இருக்கும். மேலிருந்து எடுத்த படம் இதற்கு உதவாது.

பட்டைகள் முக்கோணமாக, வயிற்றுக்கு எட்டாமல், ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக இருந்தால் அது கொரோனாட்டா என்ற வேறு பேத்தை.

இரண்டு மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள். துரத்தினால் நீரை விழுங்கி உப்பும். அது அதற்கு வேதனை, நீங்கள் பார்க்க வந்த அதன் உருவமும் கலைந்துபோகும். ஒரு ஆண் பல பெண்கள் வாழும் இடத்தைத் தன் எல்லையாக வைத்துக் காவல் சுற்றும். முட்டையிடுவதைக் காண முற்பகலில் இறங்குங்கள்: பெண் ஒரு பாசிக் கொத்தைத் தேர்ந்து அதற்குள் முட்டையைத் திணிக்கும். பிறகு ஆணும் பெண்ணும் போய்விடும், முட்டைக்குக் காவல் கிடையாது. மற்ற மீன்களுக்கு அந்த முட்டை ருசிப்பதில்லை.

இரண்டு மூன்றாகச் சேர்ந்து போனால் ஒவ்வொன்றின் துடுப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். கிளாத்தி பேத்தைகளுக்கு நடுவிலேயே கலந்து நீந்துவதுண்டு.